டிரவுட் எந்த மட்டத்தில் மேய்கிறது?

தென் இங்கிலாந்தின் டெஸ்ட், இட்சென் ஆறுகள் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருபவை. அடியில் கிடக்கும் கூழாங்கல்கூடத் தெளிவாகத் தெரியும். அங்கே டிரவுட் பிடிக்க வருகிறவர் புழு கோப்பதில்லை. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய போலி ஈயைத்தான் வீசுகிறார். பெட்டியைத் திறந்தால் விதவிதமாக இருக்கும். எதை எடுப்பது? புதியவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மீன் எங்கே வாயைத் திறக்கிறது என்பதை.

டிரவுட்டின் முக்கியத் தீனிகளில் ஒன்று மேஃப்ளை. இளம்பூச்சியாகத் தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில், சில இனங்கள் இரண்டு ஆண்டு வரை, வாழும். பிறகு மேலே வந்து தோலைக் கிழித்து இறக்கையோடு பறக்கும். அதன் பிறகும் ஒருமுறை தோலுரிக்கும். இறக்கை முளைத்தபின் தோலுரிக்கும் பூச்சி இது மட்டும்தான். வளர்ந்த பூச்சிக்குச் சாப்பாடே கிடையாது. கூடி, முட்டையிட்டு, இறக்கை விரித்தபடி நீரில் செத்து விழும்.

மீனின் மூக்கு வெளியே வந்து, வட்ட அலையின் நடுவே குமிழி நின்றால், அது மிதக்கும் பூச்சியைத் தின்கிறது. சேவலின் விறைப்பான கழுத்திறகு சுற்றிய மிதக்கும் ஈ அதற்கு. முதுகும் துடுப்பும் மட்டும் புரண்டால், தீனி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே. அப்போது மிதப்பது வீண். மூழ்கும் ஈ வேண்டும்.

இந்த எளிய விஷயத்துக்கு இங்கிலாந்தில் பெரும் சண்டையே நடந்தது. மிதக்கும் ஈக்களைப் பற்றி 1886-இல் நூல் எழுதிய ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டின் சீடர்கள், மூழ்கும் ஈயை ஆசாரக் குறைவாகவே பார்த்தார்கள். லண்டன் வழக்கறிஞர் ஜி.இ.எம். ஸ்கூஸ் 1910-இல் நூல் எழுதி எதிர்த்தார். 1938-இல், எண்பதை நெருங்கிய வயதிலும், லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் நடந்த விவாதத்தில் அதே கட்சிக்காக நின்றார். மீனுக்கு எந்த ஆசாரம் தெரியும்? என் ஓட்டு ஸ்கூஸுக்கே.

மூழ்கும் ஈக்கு உதாரணமாக, இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் கட்டிய ஈயைப் பாருங்கள். ஃபெசன்ட் சேவலின் வாலிறகு இழைகள், மெல்லிய செப்புக் கம்பி, இரண்டே பொருள். நூலுக்குப் பதிலாகக் கம்பியே இழைகளைக் கட்டுகிறது. அதன் எடையே ஈயை மூழ்கடிக்கிறது. இளம்பூச்சி நீந்தும்போது கால்களை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வதைக் கவனித்த சாயர், கால் போலத் தெரியும் இறகை வைக்கவேயில்லை.

அடுத்தது அளவு. முள்ளின் எண் கூடக் கூட முள் சிறுக்கும்: 14-ஐ விட 16 சிறியது. மீன் கிட்டே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பினால், பலரும் உடனே வேறு நிறம் தேடுகிறார்கள். அதற்குமுன், தூண்டில் நரம்பு ஈயை நீரோட்டத்துக்குக் குறுக்கே இழுக்கிறதா என்று பாருங்கள்; உண்மையான பூச்சி ஓட்டத்தோடுதான் மிதந்து வரும். அதுவும் சரியாக இருந்தால், அதே ஈயில் ஒரு அளவு சிறியதை மாட்டுங்கள்.