வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே: நம் போனில் ஆப் ஏற்ற இனி யாருடைய அனுமதி வேண்டும்?

நாசரேத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர், தங்கள் சபையின் பாடல்களையும் வாராந்திர அறிவிப்புகளையும் சேர்த்து ஒரு சின்ன ஆன்ட்ராய்டு ஆப் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. ஏபிகே கோப்பை சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "எல்லாரும் ஏத்திக்கோங்க" என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. மும்பையிலும் துபாயிலும் இருக்கும் சொந்தக்காரர்களின் போனுக்கும் அன்று மாலையே போய்விடும்.

அதே குழுவில், அதே மாதிரி இன்னொரு ஏபிகே "கல்யாண பத்திரிகை" என்ற பெயரில் வருகிறது. அனுப்பியவர் தெரிந்த அண்ணாச்சிதான். தொட்டுத் திறந்தவரின் வங்கிக் கணக்கு ராத்திரிக்குள் காலி.

இந்த இரண்டு கோப்புகளையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஆப்பைச் செய்தவர் யார் என்று முதலில் கேட்போம் என்கிறது கூகுள். தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்யாதவரின் ஆப், சாதாரண வழியில் போனில் ஏறாது. 2025 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட இந்த விதி, 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய 4 நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் படிப்படியாக வரும் என்பது கூகுள் வெளியிட்ட அட்டவணை. இந்தியா இந்த இரண்டாம் கட்டத்தில் அடங்கும்.

ஏபிகே மோசடி எப்படி நடக்கிறது?

ஏபிகே என்பது ஆன்ட்ராய்டு ஆப்பின் பொட்டலம். பிளே ஸ்டோரில் "இன்ஸ்டால்" அழுத்தும்போதும் உள்ளே நடப்பது ஒரு பொட்டலத்தைப் பிரிப்பதுதான். கடைக்குப் போகாமல் அதை நேராகக் கையில் வாங்கி ஏற்றுவதற்குப் பெயர் சைட்லோடிங். 2020 ஜூன் 29 அன்று தடை செய்யப்பட்ட 59 சீன ஆப்களில் ஷேர்இட், ஷெண்டர் இரண்டும் உண்டு. அதுவரை பலருடைய போன்களுக்கு இந்தப் பொட்டலங்கள் அவற்றின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. பிறகு அந்த வேலையை வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் எடுத்துக்கொண்டன.

மோசடிக்காரர்களும் கூடவே வந்தார்கள். போக்குவரத்து அபராத சலான், பிஎம் கிசான் தவணை, வங்கி கேஒய்சி, கல்யாண அழைப்பு எனப் பெயர்கள் மாறுகின்றன, முறை ஒன்றுதான். ஆப் ஏறியவுடன் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அவசரத்தில் "அலோ" அழுத்திவிட்டால், அதன்பின் வரும் ஓடிபி எல்லாம் எங்கோ இருக்கும் ஒருவருக்கும் போகும். இன்னும் மோசமானது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவாக்கப்பட்ட அக்செசிபிலிட்டி வசதியைக் கேட்கும் ஆப். அது கிடைத்துவிட்டால் திரையில் உள்ளதைப் படிக்கலாம், நமக்குப் பதிலாக பட்டனை அழுத்தலாம். சிக்கிய போனிலிருந்து அதே கோப்பு அவருடைய தொடர்பு எண்களுக்கெல்லாம் பரவுவதும் உண்டு. அண்ணாச்சி பெயரில் வந்த பத்திரிகையை அண்ணாச்சி அனுப்பவே இல்லை.

ஆகவே கூகுள் சொல்லும் காரணத்தைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. பிளே ஸ்டோரில் இருப்பதைவிட, இணையத்தில் நேரடியாகக் கிடைக்கும் ஆப்களில் 50 மடங்குக்கு மேல் தீங்கு மென்பொருள் இருப்பதாகத் தன் ஆய்வில் தெரிந்தது என்கிறது அந்த நிறுவனம். கணக்கும் அவர்களுடையது, கடையும் அவர்களுடையது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கதவு ஒரே நாளில் மூடவில்லை

பழைய ஆன்ட்ராய்டு போன்களில் "அன்நோன் சோர்சஸ்" என்று ஒரே ஒரு சுவிட்ச். போட்டுவிட்டால் எதையும் ஏற்றலாம். 2017-ல் வந்த ஆன்ட்ராய்டு 8 அதை எடுத்துவிட்டு, வாட்ஸ்அப்புக்குத் தனி, குரோமுக்குத் தனி என்று எந்த ஆப் வழியாகக் கோப்பு வருகிறதோ அதற்கு அனுமதி தரச் சொன்னது. 2022-ல் ஆன்ட்ராய்டு 13, வெளியிலிருந்து ஏற்றிய ஆப்களுக்கு அக்செசிபிலிட்டி அனுமதி எளிதில் கிடைக்காதபடி பூட்டியது. 2023 அக்டோபரில், ஏற்றும் நேரத்திலேயே ஆப்பின் நிரலை ஆராயும் வசதியை பிளே புரொடெக்ட் கொண்டுவந்தபோது, முதலில் அறிமுகமான நாடு இந்தியா.

அடுத்த ஆண்டு இன்னொரு படி. பிரவுசர், மெசேஜ் ஆப், கோப்பு மேலாளர் வழியாக வரும் ஒரு ஆப், எஸ்எம்எஸ் படிக்கவோ நோட்டிபிகேஷனைப் பார்க்கவோ அக்செசிபிலிட்டியைப் பயன்படுத்தவோ கேட்டால், எச்சரிக்கை தருவதோடு நிற்காமல் நேரடியாகத் தடுக்கும் சோதனைத் திட்டத்தை கூகுள் இந்தியாவுக்கு 2024 அக்டோபரில் அறிவித்தது. சாம்சங் அதே ஆண்டு தன் புதிய போன்களில் "ஆட்டோ பிளாக்கர்" என்ற பூட்டை ஆரம்பத்திலேயே போட்டுத் தரத் தொடங்கியது. 2025-ல் வந்த ஒன் யுஐ 8-ல், போனின் இயங்குதளத்தையே மாற்ற உதவும் பூட்லோடர் திறப்பு வசதியும் போய்விட்டது. ஷாவ்மியிலோ அதற்குக் காத்திருப்பும் வரம்பும் ஏற்கெனவே உண்டு.

இதுவரை வந்தவை எல்லாம் ஆப் என்ன கேட்கிறது, என்ன செய்கிறது என்று பார்க்கும் பூட்டுகள். புதிய விதியின் கேள்வி வேறு: செய்தவர் யார்? விமான நிலைய வாசலில் அடையாள அட்டை பார்ப்பது போல என்று கூகுளே உவமை சொல்கிறது. அட்டை பார்ப்பவர் பையைத் திறப்பதில்லை. அப்படியானால் பைக்குள் இருப்பதை இந்த விதி எப்படித் தடுக்கும் என்பதுதான் எதிர்ப்பவர்கள் கேட்பது.

நம் ஊர் அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு வலு உண்டு. ஆதாரும் பான் கார்டும் கொடுத்துத் திறந்த வங்கிக் கணக்குகளையே கமிஷனுக்கு வாடகைக்கு விடும் ஆட்கள் இருக்கும் நாடு இது. கணக்கை வாடகைக்கு விடுபவர் டெவலப்பர் பெயரையும் விடமாட்டாரா? பிளே ஸ்டோருக்குள்ளும் எல்லாம் சுத்தம் இல்லை. 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200-க்கும் மேற்பட்ட மோசடிக் கடன் ஆப்களை கூகுள் நீக்கியதாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அவை வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகேக்கள் அல்ல. கூகுளின் கடையிலேயே கிடைத்தவை.

அந்த மாணவர் என்ன செய்வார்?

அவருக்கு முன்னால் சில வழிகள் உண்டு. ஒன்று, சட்டப்பூர்வ பெயர், முகவரி, தொலைபேசி எண் கொடுத்து, தேவைப்பட்டால் அரசு அடையாள அட்டையும் காட்டி, ஒரு முறை 25 டாலர் கட்டிப் பதிவு செய்வது. சபையின் பெயரில் பதிய வேண்டும் என்றால், நிறுவனங்களுக்குத் தரப்படும் டன்ஸ் எண்ணும் வாங்க வேண்டும். மாணவர்களுக்கும் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கும் இலவசக் கணக்கு உண்டு. ஆனால் அதில் 20 கருவிகளுக்கு மேல் கொடுக்க முடியாது. 20 போன் என்பது ஒரு பாடகர் குழுவுக்கே போதாது.

பிளே ஸ்டோரிலேயே போடலாமே என்றால், 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகளுக்கு வேறொரு நிபந்தனை: ஆப்பை வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் இது 20 பேராக இருந்தது.

மாணவராவது எப்படியோ சமாளித்துவிடுவார். பெரிய அடி எஃப்-டிராய்டுக்கு. 2010 முதல் இயங்கும் இந்தக் களஞ்சியத்தில் இருப்பவை கட்டற்ற மென்பொருள்கள் மட்டுமே. கணக்குத் திறக்கத் தேவையில்லை, பயனரைப் பின்தொடரும் கண்காணிப்பும் கிடையாது. நிரலை வாங்கித் தானே தொகுத்து, பெரும்பாலானவற்றில் தன் கையெழுத்தையே போட்டுத் தருகிறது. யாரோ ஒரு நாட்டில் தன்னார்வமாக எழுதியவரைக் கூகுளிடம் பதிவு செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது, அவர் சார்பில் தாங்களே பதிவு செய்யவும் முடியாது. இந்த விதி இப்படியே வந்தால் எங்கள் திட்டம் முடிந்துவிடும் என்று 2025 செப்டம்பரில் அது எழுதியது.

எதிர்ப்பு பலமானதும் கூகுள் கொஞ்சம் இறங்கிவந்தது. அபாயம் தெரிந்தே ஏற்றுக்கொள்பவர்களுக்குத் தனி வழி தருவோம் என்று 2025 நவம்பரில் சொல்லி, 2026 மார்ச்சில் விவரம் வெளியிட்டது. டெவலப்பர் மோடைத் திறக்க வேண்டும். யாரும் பக்கத்தில் நின்றோ போனிலோ சொல்லிக்கொடுத்துச் செய்யவைக்கவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும். போனை அணைத்துப் போட வேண்டும். பிறகு ஒரு நாள் முழுதும் காத்திருக்க வேண்டும். அதன்பின் 7 நாளுக்கோ காலவரம்பின்றியோ அனுமதி கிடைக்கும்.

இந்த ஒரு நாள் காத்திருப்பு அப்படி ஒன்றும் மோசமான யோசனை இல்லை. "இப்பவே ஏத்துங்க, இல்லைன்னா கைது பண்ணிருவோம்" என்று மிரட்டுபவரின் ஆயுதம் அவசரம்தான். அந்த அவசரத்தை 24 மணி நேரம் தள்ளிப்போட்டாலே பலர் தப்பித்துவிடுவார்கள். ஆனால் டெவலப்பர் ஆப்ஷன் திறந்திருக்கும் போனில் ஓட மறுக்கும் வங்கி ஆப்களும் இங்கே உண்டு. பாட்டுப் புத்தகத்துக்காக ஜிபே கணக்கோடு மல்லுக்கட்டச் சொன்னால் எத்தனை பேர் செய்வார்கள்?

இந்தியச் சட்டம் ஒருமுறை கதவைத் திறந்தது

சைட்லோடிங்கைப் பற்றி இந்தியாவில் நேரடியான உத்தரவே இருந்தது என்பது பலருக்கு நினைவில் இருக்காது. 2022 அக்டோபர் 20 அன்று, ஆன்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், கூடவே சில கட்டளைகளும் இட்டது. டெவலப்பர்கள் தங்கள் ஆப்களை சைட்லோடிங் மூலம் விநியோகிப்பதை எந்த வகையிலும் கட்டுப்படுத்தக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் 4 கட்டளைகளை நீக்கியது. நீக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. ஐந்து மாதம் இருந்த பாதுகாப்பு அத்தோடு போயிற்று.

ஒரே வாசல் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு நேரடியாகப் பார்த்தது ஓராண்டு கழித்து. பிளே ஸ்டோர் கட்டணத் தகராறில் 2024 மார்ச் 1 அன்று கூகுள் சில இந்திய ஆப்களைக் கடையிலிருந்து எடுத்தது. சென்னை நிறுவனமான மேட்ரிமோனி டாட் காமின் பாரத் மேட்ரிமோனி, கிறிஸ்டியன் மேட்ரிமோனி ஆப்களும் அதில் போயின. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்ப வந்தன. டெல்லி வரை பேச முடிந்த நிறுவனத்துக்கே இந்த நிலை.

அரசும் சளைத்ததல்ல. எல்லாப் புதிய போன்களிலும் சஞ்சார் சாத்தி ஆப்பை முன்கூட்டியே போட்டுத் தர வேண்டும் என்று 2025 நவம்பர் 28-ல் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டு, எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3-ல் வாபஸ் வாங்கியது. நாம் விரும்பாததை ஏற்றுவதும், விரும்பியதை ஏற்றவிடாததும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம்: போன் யாருடையது?

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

முதல் வேலை, போன் செட்டிங்ஸில் "இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்" என்று தேடி, வாட்ஸ்அப்புக்கும் டெலிகிராமுக்கும் அந்த அனுமதி இருந்தால் எடுத்துவிடுவது. வீட்டில் பெரியவர்களின் போனிலும் இதைச் செய்துவிடுங்கள். யார் பெயரில் வந்தாலும், வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகேயைத் திறக்காமல் அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது நல்லது. கல்யாண பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். ஆப் ஆக வராது.

தவறுதலாக ஏற்றிவிட்டால், உடனே டேட்டா, வைஃபை இரண்டையும் நிறுத்தி, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930 எண்ணுக்கும் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க, முதல் சில மணி நேரம்தான் கைகொடுக்கும். ஆப்பை நீக்குவதும் போனை ரீசெட் செய்வதும் அதன் பிறகு.

எஃப்-டிராய்டு போன்ற களஞ்சியத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு, கணினியில் கேபிள் மாட்டி ஏடிபி என்ற கருவி மூலம் ஏற்றும் வழி தொடரும் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. கூகுள் சேவைகளே இல்லாத லீனேஜ் ஓஎஸ் போன்ற இயங்குதளங்களுக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் பூட்லோடர் திறக்க முடிகிற போனாக இருக்க வேண்டும், வங்கி ஆப் ஓடாமல் போகலாம். வாங்கும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது.

சபைப் பாட்டுப் புத்தகம், பள்ளி அறிவிப்பு, கடை விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு ஏபிகேயே தேவையில்லை. இணையப் பக்கமாகச் செய்து, குரோமில் "ஆட் டு ஹோம் ஸ்கிரீன்" அழுத்தச் சொன்னால் ஆப் மாதிரியே இருக்கும், நெட் இல்லாதபோதும் திறக்கும்படியும் செய்யலாம். கூகுளிடம் யாரும் பதிவு செய்ய வேண்டாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரே வேலை.

ஏபிகேதான் வேண்டும் என்பவர்கள், ஆப்புக்குக் கையெழுத்திடும் கீஸ்டோர் கோப்பையும் அதன் பாஸ்வேர்டையும் இப்போதே இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்யும்போது, அந்த ஆப் தன்னுடையதுதான் என்று நிரூபிக்கக் கேட்கப்படுவது அந்தச் சாவிதான். ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து அதைத் தொலைத்தவர், வேறு பேக்கேஜ் பெயரில் புதிதாகத் தொடங்கி, பழைய ஆப்பை நீக்கிவிட்டு இதை ஏற்றுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கும்.