மண்ணடி விருந்தில் வட்டிலப்பம்

ராயபுரத்தை ஒட்டிய மண்ணடியில் கீழக்கரை, காயல்பட்டினத்துக் குடும்பங்கள் பல உண்டு. விருந்து என்றால் அங்கே வட்டிலப்பத்துக்குத் தனி மரியாதை. டச்சு ஆட்சிக்காலத்தில் (1658–1796) ஜாவா முதலிய தீவுகளிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மலாய் மக்களின் இனிப்பு இது என்பார்கள். இந்தோனேசியாவின் ஸ்ரீகாயா என்ற இனிப்பிலும் இதே முட்டை, இதே தேங்காய்ப்பால். உறவு நாக்கிலேயே தெரிகிறது.

ஆறு முட்டை, கால் கிலோ கருப்பட்டி, ஒன்றரைக் கப் கெட்டித் தேங்காய்ப்பால், ஏலக்காய், முந்திரி.

கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு, முட்டை, தேங்காய்ப்பாலோடு கலக்க வேண்டும். சூடாக ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். தீயில்தான் பக்குவமே இருக்கிறது. 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கலவை இறுகிவிடும். அனல் கூடினால் உள்ளே துளை விழுந்து நீர் கசியும். அதனால் கிண்ணத்தை மூடி, இட்லிப் பானையில் சிறு தீயில் முக்கால் மணி நேரம் அவிக்கிறார்கள். முந்தின இரவே செய்துவைப்பது நல்லது. ஆறிய வட்டிலப்பம்தான் அழகாகத் துண்டு போட வரும்.