கசிவின் வழி

பழைய கண்ணாடியிழைப் பாய்மரப் படகின் அடிப்பகுதியில் நீர் தேங்கினால், மாலுமிகள் முதலில் ஒரு துளியை நாவில் இட்டுப் பார்ப்பர். உப்புக் கரித்தால் அது கடல்நீர். சுக்கான் தண்டோ அடிக்குழாய் வாயோ கசிந்திருக்கலாம். கரிக்காவிடில் குடிநீர்த் தொட்டி ஒழுகவேண்டும். அன்றேல் மழைநீர் மேல்தளத்தின் வழியே இறங்கவேண்டும்.

அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டு அறிமுகமான 28 அடி நீள ‘ட்ரைட்டன்’ போன்ற படகுகளில், இரு கண்ணாடியிழைத் தகடுகளுக்கிடையே இலேசான பால்சா மரத்தை வைத்து மேல்தளம் அமைத்தனர். கண்ணாடியிழை மட்காது, ஆனால் மரம் மட்கும். கைப்பிடித் தூண்களை முடுக்கிய துளைகளில் இட்ட அடைப்புப்பசை நாளடைவில் வெடிக்க, அவ்வழியே புகும் நீர் மரத்தை நனைத்து, வேறோர் இடத்தில் சொட்டும். ஓட்டுக்கூரையில் ஒழுக்கைத் தேடியவர்க்கு இது புதிதன்று. சொட்டும் இடத்தில் பசை பூசுவது வீண். நீர் உள்ளேயே சிறைப்பட்டு மரம் மேலும் மட்கும்.

ஆகவே, உட்புறத்தில் சுண்ணக்கட்டிப் பொடியைத் தடவிவிட்டு, மேல்தளத்தில் தாழ்ந்த பகுதியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பொருத்தின்மீதும் தனித்தனியே நீர் ஊற்றவேண்டும். உள்ளே விளக்குடன் இருப்பவருக்குப் பொடியில் ஈரத்தடம் தெரியும். தளத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால், மட்கிய இடம் மந்தமாக ஒலிக்கும்.

கசியும் பொருத்தைக் கழற்றி, மட்கிய மரத்தைச் சுரண்டியெடுத்து, எஞ்சியதை நன்கு உலர்த்தவேண்டும். இதற்கு வாரக்கணக்கில் பொறுமை தேவை. பின்னர் அக்குழியை எப்பாக்சிப் பிசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவே புதிய துளையிட்டு, புதுப் பசையுடன் பொருத்துவர். இப்பசையும் ஒருநாள் வெடிக்கலாம்; அன்று புகும் நீர் பிசின் சுவரைத் தாண்டி மரத்தைத் தொடாது.