துப்பாக்கி சுமந்த பிஞ்சுக் கரங்கள்



உங்கள் இல்லத்தில் பத்து வயதுப் பிள்ளை இருக்கின்றதா? காலையில் மதரஸாவுக்கு ஓதச் சென்ற அப்பிள்ளையை ஆயுதக் கும்பல் ஒன்று கடத்திச் சென்றுவிட்டது எனக் கொள்ளுங்கள். ஈராண்டுகள் கழித்து அது திரும்பி வந்து வாசலில் நிற்கின்றது. 'இவன் கையால் உயிர்கள் போயிருக்கின்றன' என்று ஊர் சொல்கின்றது. கதவைத் திறப்பீர்களா?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் சியர்ரா லியோன் நாட்டில், ஆயிரக்கணக்கான பெற்றோர் இதற்கு விடை கூற வேண்டியிருந்தது.

வைரம் விளைத்த வினை

1991 மார்ச் மாதம், லைபீரியா எல்லையை ஒட்டிய கைலாஹுன் மாவட்டத்தில் போர் தொடங்கியது. ஃபோடே சாங்கோ தலைமையிலான 'புரட்சிகர ஐக்கிய முன்னணி' கிராமம் கிராமமாகப் புகுந்தது. கோனோ மாவட்டத்து வைரங்கள் ஆயுதங்களாக மாறின. அவற்றைச் சுமக்கப் பிள்ளைகள் பிடிக்கப்பட்டனர். அரசுத் தரப்பில் நின்று போரிட்ட படைகளும் சிறுவர்களைப் பயன்படுத்தத் தயங்கவில்லை.

சிறுவன் எதற்கு? அவன் குறைவாக உண்பான். கேள்வி கேட்க மாட்டான். ஆபத்தின் அளவை அறிய மாட்டான். அச்சம் தலைதூக்காதிருக்கப் போதைப்பொருளும் கொடுக்கப்பட்டது. சிலருடைய மார்பில் இயக்கத்தின் பெயரெழுத்துகள் கத்தியால் கீறப்பட்டன. எல்லாவற்றினும் கொடியது வேறொன்று. சொந்த உறவினரையும் ஊராரையும் துன்புறுத்துமாறு பிள்ளைகள் பலர் கட்டாயப்படுத்தப்பட்டனர். ஊர் திரும்பும் வழியை அடைத்துவிட்டால் பிள்ளை ஓடிப் போகாதல்லவா!

கணக்கில் வராத பெண்மக்கள்

2002 சனவரியில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆயுதக் களைவுத் திட்டத்தின் வழியாக ஏறத்தாழ 6,800 பிள்ளைகள் விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் பெண்பிள்ளைகள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவே! கடத்தப்பட்ட பெண்மக்கள் குறைவு என்பதா பொருள்? இல்லை. சமைத்தவர்கள், சுமை தூக்கியவர்கள், தளபதிகளின் 'மனைவியர்' என்று சிறைவைக்கப்பட்டவர்கள் ஆகியோரிடம் ஒப்படைக்கத் துப்பாக்கி இல்லை. ஆதலால் பலர் பட்டியலிலும் இல்லை. கைக்குழந்தையோடு ஊர் திரும்பிய இளம்பெண்களை ஏச்சுப் பேச்சுகளே வரவேற்றன.

குற்றவாளி யார்?

'அவர்களாகவே வந்து சேர்ந்தார்கள்' என்பது தளபதிகள் வழக்கமாகக் கூறும் சாக்கு. வாசகர்களே, உஹத் போருக்குப் பதினான்கு வயது இப்னு உமர் (ரலி) அவர்கள் தாமே விரும்பி வந்தபோதும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை நாம் அறிவோம். சிறுவனின் விருப்பம் பெரியவர்களுக்கு அனுமதிச் சீட்டாகாது.

சியர்ரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றமும் பொறுப்பைப் பெரியவர்கள் மீதே சுமத்தியது. 15 முதல் 18 வயதுக்கு உட்பட்டோரை விசாரிக்க இடமிருந்தும், ஒருவர் மீதுகூட வழக்குத் தொடரப்படவில்லை. மாறாக, 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் போரில் ஈடுபடுத்திய தளபதிகள் 2007-இல் தண்டிக்கப்பட்டனர். கிளர்ச்சியாளர்களுக்குத் துணைநின்ற லைபீரிய முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012-இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மருந்து எங்கே?

தீர்ப்பு தளபதிகளைத் தண்டித்தது. பிள்ளையின் உள்ளத்தை ஆற்ற அதனால் இயலுமா? தெரசா பெட்டன்கோர்ட் என்னும் ஆய்வாளர், 2002 முதல் பல்லாண்டுகள் இப்பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார். போரில் பட்ட காயத்தோடு, திரும்பிய பின் ஊர் காட்டிய வெறுப்பும் அவர்களை வாட்டியதை அவ்வாய்வு காட்டியது. குடும்பமும் ஊரும் அரவணைத்த பிள்ளைகளோ பெரிதும் தேறினர். பல ஊர்களில் பெரியவர்கள் முன்னின்று, துஆச் செய்து, பிள்ளைகளை மீண்டும் ஏற்றுக்கொண்டனர்.

அப்படியானால், கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு என்ன பதில்? அவர்களது துயரும் மெய்யே. அதை மறைத்து மன்னிப்பைப் பேச முடியாது. ஆயினும் அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்தினால், ஊர் திரும்பும் வழியை அடைக்க நினைத்த தளபதியின் திட்டத்தையன்றோ நாம் நிறைவேற்றுகிறோம்?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வாருங்கள். வாசலில் நிற்பது உங்கள் பிள்ளை. கதவு உங்கள் கையில் இருக்கின்றது.