கோழிக்கூண்டில் செள்ளு

பொழுது சாய்ந்ததும் தானாகவே கூண்டுக்குள் போய் அடையும் கோழி, திடீரென்று உள்ளே போக மறுத்து முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும். அடையில் உட்கார்ந்த பெட்டை பாதியிலேயே முட்டைகளை விட்டு எழுந்துவிடும். கொண்டை வெளுக்கும், முட்டை குறையும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, பரங்கிப்பேட்டை, புவனகிரி, கிள்ளை என்று எந்த ஊரானாலும் கொல்லையில் நாலு கோழி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்ததும் வெள்ளைக் கழிச்சலோ என்றுதான் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் எச்சம் சரியாக இருந்து, கோழி இரவில் மட்டும் தவிக்கிறதென்றால் முதலில் சோதிக்க வேண்டியது கூண்டின் இடுக்குகளை.

அங்கே இருப்பது பெரும்பாலும் செள்ளு. ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத உடம்பு, எட்டுக் கால். பேன் பூச்சியினம், இது அப்படி அல்ல. சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. இதில் இரண்டு வகைகளை அடையாளம் தெரிந்துகொள்வது அவசியம். ஒன்று சிவப்புச் செள்ளு. விஞ்ஞானிகள் டெர்மனிசஸ் கேலினே என்பார்கள். பசித்திருக்கும்போது சாம்பல் நிறமாகவும், இரத்தம் குடித்த பிறகு சிவப்பாகவும் இருக்கும். பகலில் கோழியைப் பிடித்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பலகைகள் சேரும் இடம், மூங்கில் வெடிப்பு, கீற்றின் மடிப்பு, கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கம் ஆகியவைதான் அதன் வீடு. இருட்டியபின் ஊர்ந்து வந்து குடித்துவிட்டு மறுபடி இடுக்குக்கே திரும்பிவிடும். இன்னொன்று வெப்பநாடுகளுக்கே உரிய ஆர்னிதோனிசஸ் பர்சா. அது கோழியின் இறகுக்குள்ளும் அடைக்கூடையிலும் வாழும். பொரித்து முடிந்த கூடையைத் தூக்கும்போது கையெல்லாம் ஏறி அரிக்க வைப்பது பெரும்பாலும் இதுதான்.

இரவு எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போய்க் கம்பின் அடியில் ஒரு வெள்ளைத் துணியை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் இரத்தக் கறை இழுபட்டால் சந்தேகமே வேண்டாம்.

சிவப்புச் செள்ளு பெருகும் வேகம்தான் இதை இவ்வளவு பெரிய தொல்லை ஆக்குகிறது. 25 முதல் 30 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் இருந்தால் முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாக ஏழு முதல் பத்து நாள் போதும். நம் கடலோரத்தில் வருஷத்தில் பாதி நாள் இதே தட்பவெப்பம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோழிகள் கூண்டிலேயே கிடக்கும்போது அதற்குத் தீனியும் கையருகிலேயே கிடைத்துவிடுகிறது. கோழியை விற்றுவிட்டுக் கூண்டைச் சும்மா போட்டால் செத்துவிடும் என்றும் நம்ப முடியாது. குளிர்ச்சியான இடுக்கில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் உயிர் பிழைக்கும்.

அதனால் கோழிக்கு மருந்து பூசுவதைவிடக் கூண்டைச் சுத்தம் செய்வதே முதல் வேலை. காலையில் கோழிகளை வெளியே விட்டுவிட்டு, பழைய வைக்கோல், உமி, எச்சம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துத் தூரமாகக் கொளுத்திவிட வேண்டும். குப்பைமேட்டில் கொட்டினால் கோழி கிளறும், செள்ளு மறுபடி கூடவே வரும். கம்புகளைக் கழற்றிக் கொதிக்கும் நீரை இடுக்குகளில் ஊற்றுங்கள். 45 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை இந்தச் செள்ளு தாங்காது. சித்திரை வெயிலில் தகரத்தின் மேல் கவிழ்த்துப் போட்ட பஞ்சாரத்துக்கு வேறு மருந்தே தேவைப்படாது. காய்ந்ததும் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு அடித்து, கம்பு முனைகளில் வேப்பெண்ணெய் தடவலாம்.

கோழியின் மேலேயே வாழும் வகைக்குக் கோழியின் சொந்தப் பழக்கமே உதவும். அது மண்ணில் புரளுவது விளையாட்டுக்காக அல்ல. கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் கோழிகளுக்குக் குளியல் பெட்டிகள் வைத்து, களிமண், டயட்டம் மண், கந்தகம் என்று தனித்தனியாகச் சோதித்தார்கள். மற்றவை செள்ளைக் குறைத்தன. கந்தகம் அநேகமாக ஒழித்தே விட்டது. நம் வீடுகளில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு மூலையில் நனையாமல் வைத்தால் அதுவே நல்ல தொடக்கம். காலில் செதில் தூக்கிச் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு செள்ளு. எண்ணெய் தடவி ஊறவிட்டுச் செதிலை மெல்லக் கழுவ வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கு அடித்தது, சிதம்பரம் பக்கம் நெல்லுக்கு அடித்தது என்று வீட்டில் மிஞ்சியிருக்கும் மருந்தைக் கூண்டில் தெளிக்கும் வழக்கம் இருக்கிறது. 2017-ல் நெதர்லாந்தில் இதே சிவப்புச் செள்ளுக்காக, மூலிகை என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு திரவத்தைப் பண்ணைகளில் தெளித்தார்கள். அதில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. நம் வயலில் குருத்துப்பூச்சிக்கு அடிக்கிறோமே, அதே மருந்து. அது கோழி வழியாக முட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பா முழுக்கக் கோடிக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள். பாதிப்பு ஹாங்காங் சந்தை வரை எட்டியது. அங்கே சோதனைச்சாலை கண்டுபிடித்தது. நம் கொல்லை முட்டையை யார் சோதிக்கப் போகிறார்கள்? அதைத் தின்பது நம் வீட்டுக் குழந்தைகள். மருந்து அவசியம் என்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொதிநீரும் சுண்ணாம்பும் படாத இடுக்கில் எப்படியும் சில முட்டைகள் தப்பும். முதல் முறை சுத்தம் செய்த அன்றே நாட்காட்டியில் ஏழாம் நாளைக் குறித்து வைத்து, எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்யுங்கள். சந்தையில் வாங்கிய புதுக் கோழியை அதுவரை அந்தக் கூண்டில் சேர்க்காதீர்கள்.