‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்கிறதா மனசு? அந்தக் குரலை மாற்றுவது எப்படி?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் உங்களுக்கு வேலை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் செய்த கோடிங்கில் ஒரு பிழை. அது கிளையண்ட் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் தெரிந்துவிட்டது. ‘சரி பண்ணிடுங்க’ என்று மேனேஜர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். உங்கள் மனசு மட்டும் விடவில்லை. ‘உனக்கு ஒண்ணும் தெரியாது’, ‘எப்பவும் நீ இப்படித்தான்’ என்று ராத்திரி வரை திட்டிக்கொண்டே இருக்கிறது.

இந்தப் பேச்சை மாற்ற முடியுமா? முடியும். ஆனால், ‘பாசிட்டிவா யோசி’ என்று சொல்லிக்கொள்வது மட்டும் போதாது.

1979இல் என்ன நடந்தது?

இதே ஊரில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் வேலை பார்த்த ஒரு தமிழருக்கு நடந்ததைப் பாருங்கள். எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் திட்ட இயக்குநர் அப்துல் கலாம். 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட அந்த ராக்கெட், 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பியது. சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. பல வருட உழைப்பு அது.

‘நமக்கு ராக்கெட் விட வராது’ என்று அன்றே முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் ஆய்வுக் குழு கேட்டது வேறு கேள்வி: எந்த அடுக்கில், எந்தப் பாகத்தில் கோளாறு? இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில், ஒரு வால்வில் என்று தெரிந்தது. அங்கே அமிலம் கசிந்திருந்தது. கவுண்ட்டவுனின்போதே தெரிந்த அந்தக் கசிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது தன் பொறுப்பு என்று கூட்டத்தில் சொன்னதாகக் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். அவர் ஏற்றுக்கொண்டது ஒரு தவறான முடிவை. ‘நான் உருப்படாதவன்’ என்ற பட்டத்தை அல்ல. குறிப்பிட்ட தவறைத் திருத்த முடியும். பட்டத்தை என்ன செய்வது? 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

தோல்வி அன்று பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொன்னவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். வெற்றி அன்று பேசச் சொல்லி அவர் கலாமை அனுப்பினார். நமக்குள் இருக்க வேண்டிய குரலும் அப்படிப்பட்டதுதான்: தப்பை மறைக்காது, ஆளையும் கைவிடாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மனச்சோர்வு உள்ளவர்களுக்குத் தம்மைப் பற்றிய எதிர்மறை எண்ணங்கள் தானாகவே ஓடுகின்றன என்பதை 1960களில் கவனித்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக். அந்த எண்ணங்களை உண்மையோடு ஒப்பிட்டுச் சோதிக்கப் பழக்குவதுதான் அவர் உருவாக்கிய சிகிச்சையின் அடிப்படை.

வெறும் புகழ்ச்சி உதவுமா? தன்மதிப்பு குறைந்தவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களின் மனநிலை இன்னும் மோசமானதாக 2009இல் ஒரு கனடா ஆய்வு சொன்னது. 2020இல் வெளியான மறுஆய்வில் அந்தப் பாதிப்பு தென்படவில்லை. ஆக, இதில் உறுதியான முடிவு இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழு, 585 பேரிடம் நடத்திய 7 ஆய்வுகளை 2014இல் வெளியிட்டது. ‘நான்’ என்பதற்குப் பதிலாகத் தன் பெயரையோ ‘நீ’ என்பதையோ வைத்துத் தனக்குள் பேசியவர்கள், பதற்றமான நேரத்தைக் கொஞ்சம் விலகி நின்று பார்க்க முடிந்தது. மேடைப் பேச்சு போன்ற சூழலை அவர்கள் நன்றாகவே சமாளித்தார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• மனசு சொல்வதை அதே வார்த்தையில் எழுதுங்கள். ‘எப்பவும்’, ‘எதுக்கும்’, ‘எல்லாரும்’ வந்தால் அடிக்கோடு போடுங்கள். பெரும்பாலும் மிகைப்படுத்தல் அங்கேதான் இருக்கும்.

• அதையே ஆய்வறிக்கை மாதிரி திருத்துங்கள். ‘எனக்கு கோடிங் வராது’ என்பது, ‘செவ்வாய்க்கிழமை டெஸ்ட் பண்ணாம அனுப்பிட்டேன்’ என்று மாறட்டும்.

• உங்கள் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: ‘பிரியா, இப்போ அடுத்து என்ன செய்யணும்?’

• பக்கத்து சீட் நண்பர் இதே தப்பைச் செய்திருந்தால் என்ன சொல்வீர்களோ, அதையே உங்களுக்கும் சொல்லுங்கள்.

எப்போது உதவி தேவை?

வேலையில் அநியாயமான பணிச்சுமையோ அவமதிப்போ இருந்தால், மனப்பேச்சை மட்டும் மாற்றி அது தீராது. அங்கே பேச வேண்டியது மேலதிகாரியிடம்.

சோர்வும் ஆர்வமின்மையும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், தூக்கம் கெட்டாலும் மனநல நிபுணரைப் பாருங்கள். ‘செத்துடலாம்’ என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம்; தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.