முதலில் ஓடியவர்கள் – 7: ஒத்தமரத்துச் சரிவு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஷாங்க்ஸ்வில் என்றொரு சிற்றூர். 2000-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே 245 பேர். மதுரையை ஒட்டிய நம் பரவையில் இரண்டு தெருவை எண்ணினாலே தாண்டிவிடும். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் கடைசி விமானம் இந்த ஊரை ஒட்டிய வெட்டவெளியில்தான் விழுந்தது. அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவினர் உண்டு. அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, மணி அடித்தால் ஓடிவருகிறவர்கள். அடிபட்டவர்களைத் தூக்கப்போகிறோம் என்று ஓடினார்கள். தூக்க ஆளில்லை. பயணிகளும் பணியாளர்களுமாக 40 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஒரு பள்ளம், கருகிய மரங்கள், அங்கங்கே சின்னச்சின்னத் தீ. அதை அணைத்தார்கள்.

அதற்குப் பிறகு அமெரிக்கர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அந்த விமானத்தோடு தொடர்புள்ளவர்களை எல்லாம் உட்காரவைத்துப் பேசச்சொல்லிப் பதிவு செய்தார்கள். விமானம் விழுந்த இடத்தில் உள்ள நினைவிடத்தை நடத்தும் தேசியப் பூங்காத் துறையிடம் இப்போது 800-க்கும் மேற்பட்ட வாய்மொழிப் பதிவுகள் இருக்கின்றன. அன்று ஓடிய ஊர்க்காரர்களின் பேச்சும் அதில் உண்டு.

நம் பக்கம் அப்படிச் சீருடை போட்ட தன்னார்வக் குழு ஏது? தீயணைப்பு என்றால் அரசுத் துறை, சிவப்பு வண்டி, 101. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலோடு மாண்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரம் நடக்கிறது. நடக்கவேண்டியதுதான். 2020 தீபாவளி விடியலில் மதுரை நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப்போன இரு வீரர்கள் கட்டடம் இடிந்து இறந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. ஆனால் சிவப்பு வண்டி வருவதற்கு முன்னால் ஓடுகிறவர் யார்? பக்கத்து டீக்கடைக்காரர், லோடுமேன், ஆட்டோக்காரர். பரவை மார்க்கெட்டுக்கு வரும் காய்கறி லாரி ஒன்று திண்டுக்கல் ரோட்டில் பற்றிக்கொண்டால், வாளியோடு முதலில் நிற்பவர்கள் இவர்கள்தான். போன வாரம் பார்த்த சிவகாசி முதலிப்பட்டியில், 2012-ல் பட்டாசு ஆலை வெடித்தபோது, உதவ ஓடியவர்களே இரண்டாவது வெடிப்பில் சிக்கினார்கள். இந்த வாரம் குரங்கணி.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து இன்னொரு குழு. இரண்டும் சேர்த்து 35-க்கும் மேற்பட்டவர்கள். சென்னைக் குழுவில் பெண்களே அதிகம். முந்தின நாள் மேலே ஏறியவர்கள் அன்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒத்தமரம் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில், பிற்பகலில், தீ அவர்களைச் சுற்றிக்கொண்டது.

மலைத்தீயைச் சமவெளிக்காரர்கள் நாம் தப்பாகவே கற்பனை செய்கிறோம். மரம் எரியும், அதுவும் மெதுவாக எரியும் என்பது நம் நினைப்பு. மார்ச் மாதத்து மேற்குத்தொடர்ச்சி மலைச் சரிவில் முதலில் எரிவது ஆளுயரம் காய்ந்து நிற்கும் புல். தீயின் நாக்கு தனக்கு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுவதால், சரிவில் அது மேல்நோக்கித்தான் பாயும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று காட்டுத்தீ படித்தவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 20 டிகிரிச் சரிவில் நான்கு மடங்கு. பயந்தவர் மேலே ஓடினால் தீயோடு பந்தயம். பக்கவாட்டில் ஓடினால் பள்ளம். அன்று பள்ளத்தில் விழுந்தவர்களும் உண்டு. மலையில் வேலை பார்ப்பவர்கள் தேடுவது ஏற்கெனவே எரிந்து கருகிய தரையை. எரிந்த இடம் இரண்டாம் முறை எரியாது. இது பட்டணத்திலிருந்து நடைபயணம் போகிறவருக்கு யாரும் சொல்லாமலே விட்ட பாடம்.

தகவல் கீழே எட்டியதும் குரங்கணி ஊர்க்காரர்களும் அக்கம்பக்கத்து மலைக்குடிகளைச் சேர்ந்தவர்களும் வனத்துறை ஆட்களோடு சேர்ந்து ஏறினார்கள். தண்ணீர் வண்டி போகிற பாதை இல்லை. மலைக்காரர்களுக்குத் தெரிந்த தீயணைப்புக் கருவி பச்சைக் குழைதான். இலை அடர்ந்த கிளையை ஒடித்து, தீயின் ஓரத்தை அடித்து அடித்து அமுக்குவது. அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் பற்றும். தரையோடு அழுத்தித் தேய்க்கவேண்டும். ஆனால் அன்று தீயை அணைப்பதைவிட ஆளை இறக்குவதே பெரிய வேலை.

ஒரு கம்பு, ஒரு போர்வை. போர்வையின் இரண்டு முனையையும் கம்பில் முடிந்தால் டோலி. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், மாற்று ஆள் நான்கு பேராவது வேண்டும். ரோடு இல்லாத மலைக்கிராமங்களில் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஆளை இப்படித்தான் இறக்குவார்கள்; தோளுக்குப் பழகிய வேலை. தீக்காயம் பட்டவரை இறக்குவது மட்டும் பழக்கமில்லாதது. கையைப் பிடித்துத் தூக்கினால் தோல் கையோடு வரும். எங்கே தொடுவது என்று தெரியாது. காலடியில் புகைந்துகொண்டிருக்கும் சாம்பல், உருளும் கல், இருட்டு. விமானப்படை ஹெலிகாப்டர்கள் சூலூரிலிருந்து வந்தன. ஆனால் அவை முழுமூச்சாக வேலை செய்ய விடியவேண்டியிருந்தது. அந்த ராத்திரி முழுக்க மலையை ஏறி இறங்கியவை கால்கள்தான்.

கீழே வந்தவர்கள் போடி, தேனி ஆஸ்பத்திரிகளுக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுவரப்பட்டார்கள். முதல் கணக்கு 9 பேர் மரணம். மதுரையில் செய்தித்தாள் படிக்கிறவர்கள் அடுத்த நாட்களில் அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 10, 11 என்று போய்க் கடைசியில் 23. தீக்காயத்தில் முதல் நாள் பேசிக்கொண்டிருந்தவர் ஒரு வாரம் கழித்துப் போவது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. உடம்பின் நீர் வற்றுவதும் பின்னால் வரும் கிருமித்தொற்றும் காரணம். நம்மில் பலர் இன்னமும் சுட்ட இடத்தில் இங்க்கும் பேஸ்ட்டும் தோசைமாவும் தடவிக்கொண்டிருக்கிறோம். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டாலே போதும், முதலுதவியில் பாதி முடிந்தது.

அரசு ஒரு விசாரணை அதிகாரியை நியமித்தது. வருவாய்த் துறையின் முதன்மைச் செயலாளர் அதுல்ய மிஸ்ரா. யார் அனுமதி கொடுத்தது, யார் அனுமதியில்லாமல் ஏறியது, வனத்துறை ஏன் தடுக்கவில்லை என்பவையே ஊர் முழுக்கக் கேட்ட கேள்விகள். அவை கேட்கப்படவேண்டியவைதான். ஆனால் டோலி தூக்கியவர்கள் பார்த்தது வேறு. எந்தத் தடத்தில் போனால் சீக்கிரம் போகலாம், செல்போன் எந்த வளைவில் எடுக்கும், எந்த ஓடையில் மார்ச்சிலும் தண்ணீர் கிடக்கும், கம்புக்கு எந்த மரம் முறியாது. எந்தக் கோப்பும் தானாக எழுதிவைக்காத விவரங்கள் இவை. நினைவு என்றதும் நாம் மெழுகுவத்தி ஏற்றக் கிளம்பிவிடுகிறோம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அடுத்த தீக்கு முன்னால் அந்த ஆட்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு வரைபடத்தில் குறிப்பது அதைவிட அவசரம் என்கிறேன்.

கொஞ்சம் மாறியிருக்கிறது. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 தடங்களில் குரங்கணிப் பக்கத்துத் தடமும் ஒன்று. உள்ளூர் இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகப் போகிறார்கள். மத்திய அரசின் 'ஆப்த மித்ரா' திட்டத்தில் பேரிடர்ப் பயிற்சி பெற்ற ஊர்த் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். பயிற்சி கொடுப்பவர்கள் 2018-ல் மலை ஏறியவர்களில் ஒருவரையாவது வகுப்பெடுக்கக் கூப்பிடலாம்; அதற்குத் தனி அரசாணை வேண்டாம், ஒரு ஜீப் வாடகை போதும்.

அடுத்த வாரம் கும்பகோணம் காசிராமன் தெரு. 2004 ஜூலை 16, பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த அந்த வெள்ளிக்கிழமை. தீயணைப்பு வண்டிக்கு முன்னால் பள்ளிக்குள் ஓடிய அக்கம்பக்கத்தார்.